சிறு குழந்தை உள்ள வீட்டில் குடும்ப ஜெபத்தைத் தொடங்குவது எப்படி?

எங்கள் மகனுக்கு இரண்டரை வயதானபோது, இனி நம் வீட்டில் குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் முடிவெடுத்தோம். ஒரு பாட்டு, வேதாகமத்திலிருந்து ஓர் அதிகாரம், அதற்கு என்னுடைய விளக்கம், இருவருடைய ஜெபம், கடைசியில் இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் என்று அரை மணி நேரத்திற்குத் திட்டமும் போட்டேன். முதல் நாள் நான் விளக்கத்தின் நடுவில் இருந்தபோதே மகன் உரத்த குரலில் "ஆமென்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஜெபம் முடியும்போது ஆமென் வரும் என்பதைக் கவனித்து வைத்திருந்த அவன், ஆமென் சொல்லிவிட்டால் ஜெபம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தான். இரண்டாம் நாள் அழுதான். மூன்றாம் நாள் நான் கோபப்பட்டேன். நான்காம் நாள் திட்டத்தைக் கைவிட்டோம்.

இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு, இதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். உங்களில் சிலர் ஜெபக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களாக இருக்கலாம், சிலர் விசுவாசத்திற்குப் புதிதாக வந்தவர்களாகவும் இருக்கலாம். குழந்தையோடு உட்காரும்போது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே அன்றாடம் நடக்கும் ஒன்றோடு ஒட்டிக்கொண்ட ஜெபம் நிலைத்து நிற்கிறது. அதற்கென்று தனி நேரமும் தனி ஏற்பாடும் செய்தால், வேலை மிகுந்த முதல் நாளிலேயே அது நழுவிவிடுகிறது. எங்கள் வீட்டில் அரை மணி நேரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிய பிறகுதான் அது எங்கள் மூவருக்கும் நாளின் மகிழ்ச்சியான பகுதியாயிற்று.

முதலில் ஒரு வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய வார்த்தையைக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6:7, அதற்கு நான்கு வேளைகளையும் சொல்லிவிடுகிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. நான்குமே குழந்தையுள்ள எந்த வீட்டிலும் எப்படியும் நடப்பவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்கையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்ள முயல வேண்டாம். படுக்கும் வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது பழகும் வரை மற்ற மூன்றையும் தள்ளி வையுங்கள் என்பதே என் யோசனை.

படுக்கை வேளையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பகல் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த குழந்தை அப்போதுதான் ஓர் இடத்தில் இருக்கிறது. தூங்குவதைத் தள்ளிப்போடுவதற்காகவாவது அது நம்மிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசத் தயாராக இருக்கிறது. அந்தத் தந்திரத்தை நாம் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ நான்கு காரியங்களை எப்போதும் ஒரே வரிசையில் செய்யுங்கள். இன்று நடந்ததைப் பற்றி ஓரிரு வார்த்தை பேசுவது, ஒரு சிறிய வேதக் கதை, ஒரு வாக்கிய ஜெபம், கடைசியாகத் தலையில் கை வைத்து ஓர் ஆசீர்வாதம். வரிசை மாறாமல் இருப்பது முக்கியம், ஏனென்றால் இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதே ஒரு பெரிய சுகம். பத்து நாள் கழித்து நீங்கள் எதையாவது மறந்தால் குழந்தையே உங்களைத் திருத்தும்.

இரண்டு வயதுக்கும் குறைந்த குழந்தையாக இருந்தால் ஒரு பாட்டும் ஆசீர்வாதமும் போதும்.

கதையை வாசிக்காமல் சொல்லுங்கள்

நம்முடைய பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் அழகானது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு "நித்திரையாயிருந்தார்" என்பது புரியாது. ஆகையால் நீங்கள் பகலில் ஒரு முறை அந்தப் பகுதியை வேதாகமத்தில் வாசித்து வைத்துக்கொண்டு, இரவில் உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழில் அதைச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்திற்கு மேல் போக வேண்டாம். திறந்த வேதாகமம் மடியில் இருப்பது நல்லது. கதை எங்கிருந்து வருகிறது என்பதைக் குழந்தை கண்ணால் பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கதையில் தொடங்குவது என்று கேட்டால், குழந்தை கையால் தொடக்கூடிய ஒரு பொருள் உள்ள கதையில் தொடங்குங்கள் என்பேன். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் கடல் கொந்தளிக்கும்போது இயேசு படகின் பின்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தலையணை இருந்தது என்பதை நான்கு சுவிசேஷங்களில் மாற்கு மட்டுமே குறிப்பிடுகிறார். படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான விவரம் கிடைக்காது. நான் முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்ன இரவில், மகன் தன் தலையணையை உருவி என்னிடம் காட்டி, "இது மாதிரியா?" என்று கேட்டான். இருவரும் போர்வையை அலையாக ஆட்டினோம். "இரையாதே, அமைதலாயிரு" என்று அவன் விரலை நீட்டியவுடன் போர்வை அப்படியே நின்றுவிட வேண்டும். ஒன்பது இரவுகள் இதே கதை. எனக்குச் சலித்துவிட்டது, அவனுக்குச் சலிக்கவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தையிடம் புதிய கதையைத் திணிக்காதீர்கள். ஒரு வாரம் முழுவதும் ஒரே கதையைச் சொல்வது தவறே இல்லை.

லூக்கா 15-இல் நூறு ஆடுகளில் ஒன்றைக் காணாமல் தேடும் மேய்ப்பனின் கதையைப் போர்வைக்குள் ஒளித்து வைத்த ஒரு பொம்மையைக் கொண்டே சொல்லிவிடலாம். அதே அதிகாரத்தில் காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடும் பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிறாள். பெருக்குவது குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. லூக்கா 19-இல் குள்ளனான சகேயு இயேசுவைப் பார்ப்பதற்காக மரத்தில் ஏறுகிறான். யோவான் 6-இல் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்தவன் ஒரு சிறுவன். 1 சாமுவேல் 3-இல் படுத்திருந்த சாமுவேல், தன்னை அழைத்தது ஆசாரியனாகிய ஏலி என்று நினைத்து மூன்று முறை எழுந்து ஓடுகிறான். படுக்க மறுத்து மூன்று முறை எழுந்து வரும் குழந்தைக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே எச்சரித்து வைக்கிறேன். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடச் சென்ற கதை போன்றவற்றைச் சற்று வளர்ந்த பிறகு சொல்லலாம். தகப்பன் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கு இரவு நேரத்தில் ஏற்ற கதையன்று அது.

கதை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். "இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற கேள்வி, கதைக்குள் இருந்த குழந்தையைப் பரீட்சை மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. குழந்தை கேள்வி கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். "இயேசப்பாவுக்குத் தும்மல் வருமா?" என்று எங்களிடம் ஒரு கேள்வி வந்தது. வரும், அவரும் நம்மைப் போல உடம்போடு பிறந்தார் என்று என் மனைவி சொன்னாள். இயேசு மெய்யான மனிதராகவும் இருந்தார் என்ற உபதேசத்தை அதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

ஒரு வாக்கியத்தில் ஜெபம்

குழந்தைக்கு முன்னால் நாம் ஜெபிக்கும்போது நம் வாயிலிருந்து தானாகவே ஒரு மேடை மொழி வந்துவிடுகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையால் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரே வாக்கியத்தில் ஜெபியுங்கள். "இயேசப்பா, இன்று மழையில் நனைந்து விளையாடினோம், அதற்கு நன்றி" என்பது முழுமையான ஜெபம். முதல் சில நாட்களுக்கு நீங்கள் சொல்லுங்கள், பிறகு, "இன்று நீ எதற்கு நன்றி சொல்லப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம், உங்கள் ஜெபத்திற்கு ஆமென் சொன்னாலே போதும்.

பதில் வரத் தொடங்கினால் அதைத் திருத்தாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன். எங்கள் மகன் சில வாரங்கள் தன் இடது செருப்புக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். வலது செருப்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. வெகுநாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. இடது செருப்பின் பட்டையை அவன் தானாகவே மாட்டக் கற்றுக்கொண்டிருந்தான், வலது இன்னும் கைவரவில்லை. அன்று நான் குறுக்கிட்டிருந்தால் அந்த நன்றியின் பொருள் எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும்.

கேட்பது எல்லாம் கிடைத்துவிடும் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காமல் இருப்பதும் அவசியம். நோயுற்ற பாட்டிக்காக ஜெபிக்கும்போது, "பாட்டி நாளைக்கே எழுந்துவிடுவார்" என்று சொல்லிவிட்டால், அப்படி நடக்காத நாளில் குழந்தை தன் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும். பாட்டியோடு இயேசப்பா இருக்கிறார், நாம் அவரிடம் உதவி கேட்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். துக்கமான நாளில் யோவான் 11:35-ஐச் சொல்லுங்கள். "இயேசு கண்ணீர் விட்டார்" என்னும் அந்தச் சிறிய வசனத்தைக் குழந்தை உடனே புரிந்துகொள்கிறது.

பரமண்டல ஜெபத்தை மனப்பாடம் செய்ய வைக்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் தினமும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வாருங்கள்; ஒரு வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்தினால் குழந்தை அதை நிரப்பும், சில மாதங்களில் அரை வரி, பிறகு முழு வரி என்று அது தானாகவே வந்துவிடும். எந்த மொழிபெயர்ப்பின் சொற்களை உங்கள் சபையில் சொல்கிறார்களோ அதையே வீட்டிலும் சொன்னால், ஆராதனையில் அந்த இடம் வரும்போது குழந்தை தனக்குத் தெரிந்ததைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே இத்தனை மாதமும் காத்திருக்கலாம்.

தலையில் கை வைத்து

மாற்கு 10:16-இல் இயேசு சிறு பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்ததாக எதுவும் இல்லை. அவர்களை அணைத்துக்கொண்டு, கைகளை வைத்து, ஆசீர்வதித்தார் என்றுதான் இருக்கிறது. நான்கு காரியங்களில் எதை விட்டாலும் இதை மட்டும் விட வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவே காரணம். சொற்களை எண்ணாகமம் 6:24-26-இலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் மூன்று வசனங்கள். எபிரெயத்தில் இவை பதினைந்தே சொற்கள். முதல் வரியில் மூன்று, அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்ததில் ஏழு என்று விரிந்துகொண்டே போகின்றன. 1979-இல் எருசலேமின் பழைய நகரத்துக்கு வெளியே ஒரு கல்லறைக் குகையில் கிடைத்த இரண்டு சின்னஞ்சிறு வெள்ளிச் சுருள்களில் இதே ஆசீர்வாதத்தின் சொற்கள் கீறப்பட்டிருந்தன. அவை ஏறக்குறைய 2,600 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

நான் இதை ஒரு மாதம் சொல்லி வந்த பிறகு, ஒரு நாள் மகன் இருட்டில், "அப்பா, அதில் ஏன் காக்கா வருது?" என்று கேட்டான். காக்கக்கடவர் என்பது அவன் காதில் காக்கா கடவர் என்று விழுந்திருக்கிறது. காப்பது என்றால் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்று விளக்கினேன். புரிந்தது என்று தலையாட்டினான். ஆனாலும் காக்காவைக் கைவிடுவதற்கு அவனுக்கு மனமில்லை என்பது தெரிந்தது.

மற்ற வேளைகளைச் சேர்ப்பது

படுக்கை வேளை ஒரு மாதம் போல நிலைத்த பிறகு அடுத்ததைச் சேருங்கள். சாப்பிடும் வேளை எளிது. தட்டின் முன் கைகூப்பி ஒரு வரி நன்றி. பசியோடு இருக்கும் குழந்தையை நீண்ட ஜெபத்தால் காக்க வைப்பது நியாயமன்று. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, சங்கீதம் 118:24-இல் உள்ள "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்" என்பதைச் சொல்லலாம். மறுபாதியான "இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்" என்பதைக் குழந்தை சொல்லட்டும். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3 ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்குச் சிறியது. பயமே இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை, பயப்படுகிற நாளும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் இதை எனக்குப் பிடிக்கும்.

வழியில் நடக்கும் வேளைக்கு எங்களுக்குக் கை கொடுத்தது சங்கீதம் 136. அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகின்றன. நீங்கள் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள், குழந்தை அந்தப் பதிலைச் சொல்லட்டும்: "இந்த எறும்பை உண்டாக்கினார்", "அவர் கிருபை என்றுமுள்ளது", "அந்த நாய்க்குட்டியை உண்டாக்கினார்", "அவர் கிருபை என்றுமுள்ளது". பத்து நிமிட நடை அரை மணி நேரமாகிவிடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்ற வசனத்தை விருந்தினர் முன் நிறுத்திச் சொல்லச் சொல்வதை நாங்கள் விட்டுவிட்டோம். அதைவிடக் கெடுதலான பழக்கம் ஒன்று, வசனத்தைப் பிரம்பாகப் பயன்படுத்துவது. "பிள்ளைகளே, பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்பது எபேசியர் 6:1; அதற்கு மூன்று வசனங்கள் தள்ளி, பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று தகப்பன்மாருக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. முதலாவதை எடுத்துச் சொல்கிறவர் நான்காவதையும் வாசித்திருக்க வேண்டும்.

நாம் மன்னிப்புக் கேட்பது

இதை ஒரு படியாகச் சேர்ப்பதற்குத் தயங்கினேன், ஆனால் இது இல்லாமல் மற்றவை நிற்காது. ஒரு மாலையில் என் அலுவலகக் காகிதங்களின் மேல் மகன் தண்ணீரைக் கொட்டிவிட்டான். நான் தேவைக்கு மேல் கத்தினேன். இரவில் வழக்கம்போல் பக்கத்தில் படுத்தபோது கதை சொல்ல வாய் வரவில்லை. "தண்ணீர் கொட்டியது தெரியாமல் நடந்தது, அப்பா அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது, என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "சரி. இயேசப்பாகிட்டயும் சொல்லிடுங்க" என்றான். அவன் கேட்க, சொன்னேன். அதற்கு முன் பல நாட்கள் "இயேசப்பா, என் தப்பை மன்னியுங்கள்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தும் பிடிக்காதவன், மறுநாள் இரவு தானாகவே ஒரு தப்பைச் சொன்னான். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பந்தை ஒளித்து வைத்திருக்கிறானாம். காலையில் இருவரும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

மன்னிப்புக் கேட்கும்போது, "நீ அப்படிச் செய்ததால்தான் நான் கத்தினேன்" என்று சேர்க்க வேண்டாம். அப்படிச் சேர்த்தால் அது மறுபடியும் குற்றச்சாட்டாகிவிடுகிறது.

ஆலயத்திற்கு அழைத்துச் செல்லும்போது

கடைசி வரிசையில் உட்கார்ந்தால் வசதி என்று எல்லோரும் நினைப்போம். உண்மையில் கடைசி வரிசைக் குழந்தைக்கு முன்னால் இருப்பவர்களின் முதுகு மட்டுமே தெரிகிறது. முன்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். சத்தமெழுப்பாத ஒரு துணிப் பொம்மையும் படம் வரையக் காகிதமும் பையில் இருக்கட்டும். அழுதால் வெளியே தூக்கிச் செல்லுங்கள், அமைதியானதும் திரும்பி உள்ளே வாருங்கள். வெளியே போனால் விளையாட்டு என்று பழகிவிட்டால் அழுகை வாரந்தோறும் வரும். வெளியே போகும் முறையைப் பெற்றோர் இருவரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மாதக்கணக்கில் பிரசங்கத்தைக் கேட்காமல் போவது பல வீடுகளில் யாரும் பேசாத மனக்குறையாக இருக்கிறது.

காத்திருக்கும் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம், குழந்தையுள்ள வீட்டுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். வாரத்துக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றும் வளையத்தின் கதையும் குழந்தைகளிலிருந்தே தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்த யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்னும் ஊழியர், இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டேயிருந்த பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொள்ளட்டும் என்று 1839-இல் ஒரு மர வளையத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார் என்பார்கள். வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் நான்கும் அதில் இருந்தன. வீட்டில் நான்கு போதும். ஏற்றுவது பெரியவர்கள், ஊதி அணைப்பது குழந்தை; எரியும் வரை பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பிறப்புக் குடிலை வைப்பவர்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் வாயில் போட முடியாத அளவுக்குப் பெரிய மர உருவங்களையோ துணி உருவங்களையோ வாங்குங்கள். எடுத்து விளையாடக் கூடாத குடிலைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பதில் பயனில்லை.

விட்டுப்போகும் நாட்கள்

பயணம், காய்ச்சல், பெரியவர்களுக்குள் மனஸ்தாபம், வெறும் அசதி என்று இந்த வரிசை அறுபடும் நாட்கள் நிச்சயம் வரும். அப்போது விட்டதற்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியதில்லை. கதையையும் பேச்சையும் விட்டுவிட்டு ஆசீர்வாதத்தை மட்டும் சொல்லுங்கள், தூங்கிவிட்ட குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னாலும் சரி.

சென்ற மழைக்காலத்தில் எனக்கே காய்ச்சல் வந்து, மகன் படுக்க வருவதற்கு முன்பே நான் கண்ணயர்ந்துவிட்டேன். சிறிய, சற்று ஈரமான ஒரு கை என் நெற்றியில் விழுந்தபோது விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. அவன் மூன்று வசனங்களில் முதலாவதை மட்டும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அதில் காக்கா அப்படியே இருந்தது. நானும் திருத்தவில்லை.